உழைப்பவர் கட்சிகளின் கதை – 6: 617 வாக்குகள்

1888 ஏப்ரல் கடைசியில் ஸ்காட்லாந்தின் மிட் லானார்க் தொகுதியில் இடைத்தேர்தல் முடிவை அறிவித்தார்கள். லிபரல் கட்சிக்காரருக்கு 3,847 வாக்கு. கன்சர்வேடிவ் கட்சிக்காரருக்கு 2,917. மூன்றாவதாக நின்றவருக்கு 617. நம் ஊர் விதிப்படி பார்த்தால் டெபாசிட் பறிபோயிருக்கும். அந்த மூன்றாவது ஆள்தான் ஜேம்ஸ் கெயர் ஹார்டி. வயது 31. சுரங்கத்தில் கரி வெட்டியவர். அப்போது அயர்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர்.

வாக்குப்பதிவுக்கு முன்னால் லிபரல் தரப்பிலிருந்து பேரம் வந்தது. விலகிக்கொண்டால் அடுத்த பொதுத்தேர்தலில் ஜெயிக்கிற தொகுதி ஒன்று; அதோடு ஆண்டுக்கு 300 பவுன். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. சொத்துள்ளவர் போகலாம், இல்லாதவர், யாராவது படியளந்தால் போகலாம். சங்கம் தரும் சொற்பப் பணத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஹார்டி அந்த 300 பவுனை வேண்டாம் என்றார்.

சென்ற இதழில் அலெக்சாண்டர் மெக்டொனால்டையும் தாமஸ் பர்ட்டையும் பார்த்தோம். 1874-இல் காமன்ஸ் சபைக்குள் நுழைந்த முதல் சுரங்கத் தொழிலாளர்கள் அவர்கள். இருவருமே லிபரல் ஆதரவோடு வென்றவர்கள். அவர்களுடைய நேர்மையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுரங்க முதலாளியும் லிபரல், சுரங்கத் தொழிலாளியும் லிபரல் என்றால், எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் கேட்கும் நாளில் கட்சி யார் பக்கம் சாயும்? ஹார்டி கேட்டது இந்த ஒரு கேள்விதான். 1887-இல் ஸ்வான்சியில் கூடிய தொழிற்சங்கக் காங்கிரஸில், பெரிய தலைவரான ஹென்றி பிராட்ஹர்ஸ்டைப் பார்த்து, முதலாளி வேட்பாளருக்கு ஏன் ஆதரவு கொடுத்தீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். மூத்தவர்களுக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. அதுவரை ஹார்டியும் லிபரல்காரர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் பிறந்தது 1856 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, லானார்க்ஷயரில். தாய் மேரி கெயர், வீட்டு வேலை செய்து பிழைத்தவர்; பிள்ளை பிறக்கும்போது மணமாகாதவர். பிறகு டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை மணந்தார். பள்ளிக்கூடம் என்ற ஒன்றைப் பையன் பார்த்ததேயில்லை. வாசிக்கக் கற்றுக்கொடுத்தது தாய். ஏழு வயதில் எடுபிடி வேலைக்குப் போனான்.

1866-இல் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் பட்டறைகளில் கதவடைப்பு. தகப்பனாருக்கு வேலையில்லை. வீட்டில் தாய் நிறைமாதம்; தம்பி காய்ச்சலில் கிடக்கிறான். பத்து வயதுப் பையன் ஒரு ரொட்டிக் கடையில் சம்பாதித்துக் கொண்டுவருவதுதான் வீட்டுக்கு வருமானம். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை மணி நேர வேலை. ராத்திரியெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொண்டதில் ஒரு காலை தாமதம், அடுத்தமுறையும் தாமதம். மாடிக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி பக்திமான், குடும்பத்தோடு ஜெபத்தை முடித்துக் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தார். வேலை போயிற்று, அந்த வாரக் கூலியும் போயிற்று. ஹார்டி பிற்காலத்தில் இதைத் தானே எழுதினார். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர் என்பதால் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சந்தேகம் பெரிதாகத் தோன்றவில்லை. பணக்காரர்களின் பக்தியைப் பற்றி அவர் கடைசிவரை எழுதிய கசப்பு, பிறர் சொல்லக் கேட்டு வந்ததாக இல்லை. விசித்திரம் என்னவென்றால், இருபதாவது வயதையொட்டி அவரே கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆழ்ந்தார், மது ஒழிப்பு மேடைகளில் பேசப் பழகினார். அரசியல் மேடைக்கு அதுவே பயிற்சியாயிற்று.

ரொட்டிக் கடை போன கையோடு சுரங்கம். காற்றுக் கதவைத் திறந்து மூடும் சிறுவனாக இருட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு குதிரை ஓட்டினார், பிறகு கரி வெட்டினார். ஓய்வு கிடைக்கும்போது கரிப்புகை படிந்த கல்லில் குண்டூசியால் கீறிச் சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டார். இருபத்துமூன்று வயதுக்குள் சங்கத்துக்காகப் பேசுகிறவர் என்று பெயரெடுத்துவிட்டார். சுரங்க முதலாளிகள் அவரை மட்டுமல்ல, இரண்டு தம்பிகளையும் சேர்த்துக் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். அதன்பிறகு அவர் பூமிக்கு அடியில் வேலை செய்யவில்லை. 1880-இல் லானார்க்ஷயர் வேலைநிறுத்தம் தோற்றது. கம்னாக் ஊருக்குக் குடிபெயர்ந்தார். 1881-இல் அயர்ஷயர் வேலைநிறுத்தமும் தோற்றது. உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டே 1886-இல் சங்கத்தை மறுபடி கட்டினார், 1887-இல் ‘தி மைனர்’ என்ற சொந்த இதழைத் தொடங்கினார்.

அந்தக் காலத்து ஹார்டியிடம் சகிக்க முடியாத ஒரு பக்கமும் இருந்தது. கிளென்கார்னாக் இரும்பாலைக்கு லித்துவேனியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபோது, குறைந்த கூலிக்கு ஆள் இறக்கும் முதலாளியைத் திட்டியதோடு அவர் நிற்கவில்லை. வந்த ஏழைகளின் சாப்பாட்டையும் சுத்தத்தையும் இழித்து எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் எங்கே வந்து சேர்ந்தார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

617 வாக்குக்கு வருகிறேன். தோற்ற நான்கே மாதத்தில், ஆகஸ்டில், ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி தொடங்கப்பட்டது. ஹார்டி செயலாளர், தலைவர் கன்னிங்ஹாம் கிரஹாம் என்ற நிலப்பிரபு, சபையில் தன்னைச் சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்ட ஆள். சின்னக் கட்சிதான். ஆனால் தொழிலாளருக்குத் தனிக் கொடி என்பதை ஒருவன் செய்து காட்டிவிட்டான் என்ற செய்தி லண்டன் வரை போனது. 1889-இல் லண்டன் எரிவாயுத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் போராடி வென்ற பின், கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி அவரை அழைத்தது. 1892 தேர்தலில் எதிரே லிபரல் வேட்பாளர் இல்லை. ஹார்டி 5,268, கன்சர்வேடிவ் மேஜர் பேன்ஸ் 4,036.

சபைக்கு முதல்நாள் அவர் போன விதம் அவரைவிடப் புகழ்பெற்றுவிட்டது. கறுப்புக் கோட்டும் பட்டுத் தொப்பியும் கட்டாயம் போலிருந்த இடத்துக்கு, கம்பளி உடுப்பும் துணித் தொப்பியுமாக, ஊர்க்காரர்கள் அமர்த்திய வண்டியில், ஒருவர் ஊதுகொம்பு வாசிக்க வந்து இறங்கினார். வாசல் போலீஸ்காரர், “இங்கேயா வேலை செய்கிறாய்? கூரையிலா?” என்று கேட்டதாகவும், “இல்லை, தரையில்” என்று இவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைகள் தொப்பியைப் பற்றியே எழுதின. அவர் பேசியதோ வேலையில்லாதவர்களைப் பற்றி. திரும்பத் திரும்ப அதையே எழுப்பியதால் ‘வேலையற்றோரின் உறுப்பினர்’ என்று பட்டம் கட்டினார்கள்.

1894 ஜூன் 23, சனிக்கிழமை. தெற்கு வேல்ஸில் பொன்டிபிரித் அருகே கில்வினித் ஊரின் ஆல்பியன் சுரங்கம் பிற்பகலில் வெடித்தது. 290 பேர் மாண்டார்கள்; பெரியவர்களும் சிறுவர்களுமாக. அதே நாள் ரிச்மண்டில் ராஜகுடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரன். மறுநாள் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். அடுத்த வாரம் காமன்ஸ் சபை கார்னோவுக்கு இரங்கல் தெரிவித்தது. குழந்தைக்காக மகாராணிக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவரவும் ஏற்பாடாயிற்று. செத்துப்போன சுரங்கத் தொழிலாளரின் குடும்பங்களுக்கும் ஒரு வரி சேருங்கள் என்றார் ஹார்டி. தீர்மானமாக வராது என்றார்கள். சபை முன்னவர் ஹார்கோர்ட் வாய்வார்த்தையாக அனுதாபம் சொன்னதோடு சரி.

ஜூன் 28-ஆம் தேதி வாழ்த்துத் தீர்மானம் வந்தபோது ஹார்டி எழுந்தார். கூச்சலுக்கு நடுவே முழுவதும் பேசி முடித்தார். இந்தக் குழந்தையைத் தொட்டிலிலிருந்தே முகஸ்துதிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், காலம் வந்ததும் உலகச் சுற்றுலாவுக்கு அனுப்புவார்கள், பிறகு தகுதிக்குக் குறைந்த கல்யாணம் என்று வதந்தி கிளம்பும், கடைசியில் செலவுக் கணக்கு நாட்டு மக்கள் தலையில் விழும் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தக் குழந்தை வளர்ந்து எட்டாம் எட்வர்டு ஆனார். உலகம் சுற்றினார். 1936 நவம்பரில் தெற்கு வேல்ஸுக்கு வந்து, மெர்தரில் மூடிக்கிடந்த டவுலைஸ் இரும்பாலையைப் பார்த்து, வேலையில்லாத கூட்டத்தின் நடுவே நின்று வருந்தினார். மூன்று வாரம் கழித்து, விவாகரத்தான அமெரிக்கப் பெண்மணியை மணப்பதற்காக முடியைத் துறந்தார். ஹார்டியின் ஆரூடம் பலித்ததைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அன்றைக்கு அந்தச் சபையில் அவருக்குத் துணையாக ஒருவரும் எழவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டே, 1893 ஜனவரியில், பிராட்ஃபோர்டில் சுதந்திரத் தொழிற்கட்சி உருவாகியிருந்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.எல்.பி. மானிங்ஹாம் ஆலை வேலைநிறுத்தம் தோற்ற ஊர் அது. லிபரல் முதலாளிகள் மேல் அந்த ஊர்த் தொழிலாளருக்கு எரிச்சல் இருந்தது. ஹார்டிதான் தலைவர். பிரதிநிதிகளில் பெர்னார்ட் ஷாவும் ஒருவர். 1895 பொதுத்தேர்தலில் இந்தக் கட்சி 28 பேரை நிறுத்தியது. இருபத்தெட்டுப் பேரும் தோற்றார்கள், ஹார்டி உட்பட.

ஐந்தாண்டு சபைக்கு வெளியே இருந்தார். அந்த ஐந்தாண்டில்தான் அவருடைய பெரிய வேலை நடந்தது என்பது என் கருத்து. ஐ.எல்.பி. போன்ற கொள்கைக் கட்சியால் தனியாக ஜெயிக்க முடியாது, பணமும் ஆளும் தொழிற்சங்கங்களிடம் இருக்கிறது, அவற்றைச் சோஷலிசம் பேசச் சொன்னால் ஓடிவிடும் என்று கண்டுகொண்டார். 1900 பிப்ரவரி 27-ஆம் தேதி லண்டன் ஃபாரிங்டன் வீதி மெமோரியல் ஹாலில் 129 பிரதிநிதிகள் கூடினார்கள். வர்க்கப் போரை ஏற்றுக்கொள் என்று ஒரு தரப்பு. சில கோரிக்கைகளுக்கு மட்டும் சேர்ந்தால் போதும் என்று இன்னொரு தரப்பு. இரண்டையும் தவிர்த்து ஹார்டி ஒரு தீர்மானம் வைத்தார். நாடாளுமன்றத்தில் தனித் தொழிலாளர் அணி, அதற்குத் தனிக் கொறடா, தன் கொள்கையைத் தானே வகுக்கும் உரிமை. அவ்வளவுதான். நிறைவேறியது. தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு என்று பெயர். செயலாளர் ராம்சே மெக்டொனால்ட்.

அந்த ஆண்டே போயர் யுத்தக் காய்ச்சலில் தேர்தல். குழு 15 பேரை நிறுத்தியது, வென்றது இருவர். டெர்பியில் ரயில்வே சங்கத்து ரிச்சர்டு பெல், மெர்தரில் ஹார்டி. யுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஹார்டி பிரெஸ்டன் தொகுதியிலும் நின்று தோற்றார். மெர்தருக்கு அவர் வந்து சேர்ந்ததே கடைசி நேரத்தில். இரட்டை உறுப்பினர் தொகுதி அது. இன்னொரு உறுப்பினர் டி. ஏ. தாமஸ், லிபரல், பெரிய சுரங்க முதலாளி. தன்னோடு நின்ற லிபரல் ஆளைப் பிடிக்காத தாமஸ் ஹார்டி பக்கம் சாய்ந்தார். முதலாளி கட்சியோடு ஒட்டே கூடாது என்று பேசியவர் ஒரு முதலாளியின் தயவில் சபைக்குத் திரும்பினார்.

1901-இல் டாஃப் வேல் தீர்ப்பு வந்தது. மெர்தர் வரை ரயில் ஓட்டிய அந்தக் கம்பெனி, வேலைநிறுத்த நஷ்டத்துக்குச் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டு வென்றது. நஷ்டஈடு மட்டும் 23,000 பவுன். மேடையில் நூறு கூட்டம் பேசியிருந்தாலும் நடந்திராத காரியத்தை அந்தத் தீர்ப்பு நடத்திக் கொடுத்தது: தயங்கிக்கொண்டிருந்த சங்கங்கள் வரிசையாகக் குழுவில் சேர்ந்தன. நம் பக்கத்திலும் இதே பாணியில் ஒன்று நடந்தது. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வாடியா மேல் பின்னி நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வரை அந்தக் காயம் பேசப்பட்டது.

1903-இல் மெக்டொனால்ட் லிபரல் கொறடா ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனோடு ரகசிய உடன்பாடு செய்தார். ஒருவர் தொகுதியில் மற்றவர் நிற்பதில்லை. ஹார்டிக்குத் தெரியும், வெளியே சொல்லவில்லை. 300 பவுனை உதறிய மனிதர் இதை ஏன் விழுங்கினார்? கட்சி சபைக்குள் நுழைய வேண்டும் என்ற ஆசை அந்த அளவுக்கு இருந்தது, வேறென்ன. 1906 தேர்தலில் 29 பேர் வென்றார்கள். குழு ‘தொழிற்கட்சி’ ஆனது. புது உறுப்பினர்களிடம் உங்களை உருவாக்கிய புத்தகங்கள் எவை என்று ஒரு பத்திரிகை கேட்டது. மார்க்ஸைச் சொன்னவர் அபூர்வம். பைபிளும் ரஸ்கினும்தான் அதிகம். தென்னாப்பிரிக்காவில் காந்தி ரயிலில் ரஸ்கினைப் படித்துப் பண்ணை தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான்.

சபைக் குழுவின் தலைவராக ஹார்டி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தேர்வானார். இந்த வித்தியாசமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. தலைவராக அவர் சோபிக்கவில்லை. ஆட்களை அரவணைக்கவும், சமரசம் செய்யவும், சபை விதிகளைப் படிக்கவும் அவருக்குப் பொறுமையில்லை. பெண்களுக்கு வாக்குரிமை பற்றிய தீர்மானத்தில் 1907 பெல்ஃபாஸ்ட் மாநாடு தன்னோடு முரண்பட்டதும், கட்சியை விட்டே போகிறேன் என்றார். அந்த வாக்குரிமைக்குப் போராடிய பாங்கர்ஸ்ட் குடும்பத்தோடு, குறிப்பாகச் சில்வியாவோடு, அவருக்கு நெருக்கம். கம்னாக் வீட்டில் மனைவி லில்லி சிக்கனமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். உழைப்பவர் உரிமைக்கு ஊர் ஊராக அலைந்தவரின் வீட்டு உழைப்பு முழுவதும் அந்த அம்மாள் தலையில்தான் விழுந்தது.

உடம்பு கெட்டு, 1907-இல் உலகப் பயணம் கிளம்பினார். வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தியாவுக்கு வந்து, கிழக்கு வங்காளத்தில் சுற்றினார். கனடாவைப் போல இந்தியாவும் தன்னைத் தானே ஆள வேண்டும் என்று அவர் பேசிய செய்தி தந்தியில் லண்டன் போனது. பத்திரிகைகள் ராஜத்துரோகி என்று குதித்தன. தந்தி தன் பேச்சைத் திரித்துவிட்டது என்றார் ஹார்டி. ஆனால் கருத்தை வாபஸ் வாங்கவில்லை. 1909-இல் இந்தியா பற்றி ஒரு புத்தகமே எழுதினார். விவசாயியின் வரிச்சுமையும், ரயிலில் வெள்ளைக்காரர் இந்தியரோடு உட்கார மறுக்கும் திமிரும் அதில் உண்டு. அவர் இந்தியாவை விட்டுப் போன சில மாதத்தில், 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி, தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சி., சிவா தூண்டுதலில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது தனி அத்தியாயம். இந்தத் தொடரிலேயே வரும்.

இந்தியாவில் வசை கிடைத்தது என்றால் தென்னாப்பிரிக்காவில் கல் கிடைத்தது. தமிழ் ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த நேட்டாலில், வெள்ளையரின் சங்கங்கள் நிறம் பார்க்காமல் எல்லாத் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்றார். லேடிஸ்மித்தில் அவர் தங்கிய விடுதியின் கண்ணாடிகள் உடைந்தன. கிளென்கார்னாக்கில் லித்துவேனியக்காரரை இழித்தவர் வந்து சேர்ந்த இடம் இது. முதலில் சொன்னதை இது அழித்துவிடாது. ஆனாலும் நாற்பது வயதுக்கு மேல் இப்படி மாறிய தலைவர்கள் மிகச் சிலர்.

1908-இல் தலைமையை ஆர்தர் ஹெண்டர்சனிடம் கொடுத்தார். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் ஒரே எண்ணத்தில் வைத்தார்: யுத்தம் வந்தால் எல்லா நாட்டுத் தொழிலாளரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்திவிட வேண்டும். 1910-இல் கோபன்ஹேகன் சோஷலிஸ்ட் மாநாட்டில் பிரான்ஸின் வயானோடு சேர்ந்து இதைத் தீர்மானமாக வைத்தார். அது முடிவெடுக்கப்படாமல் தள்ளிப்போனது. 1914 ஆகஸ்ட் 2-ஆம் தேதி லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் யுத்த எதிர்ப்புக் கூட்டத்தில் பேசினார். நான்கு நாள் கழித்து, தன் சொந்தத் தொகுதியின் அபர்டேரில், தன் சொந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் தேசபக்திப் பாட்டுப் பாடி அவரைப் பேசவிடாமல் செய்தார்கள். கூட்டத்தைக் கலைத்தவர்களுக்கு முன்னால் நின்றவர் சி. பி. ஸ்டாண்டன், சில ஆண்டு முன்புவரை அதே ஊரில் தீவிரப் போக்குடைய சங்கத் தலைவர். தொழிற்கட்சியின் சபைக் குழுவும் யுத்தத்தை ஆதரித்தது. லிபரல்களிடமிருந்து பிரித்துத் தனியாக நிறுத்திய கட்சி, தேசம் என்று வந்ததும் லிபரல் அரசின் பின்னாலேயே போய் நின்றுகொண்டது.

1915 ஜனவரியில் பக்கவாதம். பிப்ரவரியில் சபையில் கடைசியாகப் பேசினார். யுத்தத்தைச் சாக்காக வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை வயல் வேலைக்கு அனுப்புவதை எதிர்த்த பேச்சு அது. செப்டம்பர் 26-ஆம் தேதி கிளாஸ்கோவில் இறந்தார். வயது 59. காமன்ஸ் சபை இரங்கல் தெரிவிக்கவில்லை.

நவம்பரில் மெர்தர் இடைத்தேர்தல். சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ஐ.எல்.பி.யும் ஆதரித்த ஜேம்ஸ் வின்ஸ்டோனை எதிர்த்து, யுத்த ஆதரவாளராக நின்றவர் அதே ஸ்டாண்டன். ஸ்டாண்டன் 10,286, வின்ஸ்டோன் 6,080. பிறகு தொகுதி இரண்டாகப் பிரிந்தது. 1922 தேர்தலில் அபர்டேரில் ஸ்டாண்டன் தொழிற்கட்சியிடம் தோற்றார், மெர்தரில் ஐ.எல்.பி.யின் வால்ஹெட் வென்றார்.

(தொடரும்)